வேலன் வெறியாட்டும் மருத்துவர் கையேடும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயில் ஆம்பூரை நெருங்கும்போது பெட்டிக்குள் இரண்டு கட்சிகள் உருவாகும். ஒரு கட்சியினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலை இறக்கச் சொல்லி எதிரில் இருப்பவரிடம் கெஞ்சுவார்கள். இன்னொரு கட்சியினர் ஒன்றும் நடவாததுபோல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் கட்சி வெளியூர்க்காரர்கள். இரண்டாம் கட்சி எங்கள் ஊர்ப்பக்கத்தவர்கள். டேனரிகளின் சுண்ணாம்புக் குழியிலிருந்தும் ஊறிய தோலிலிருந்தும் எழும் அந்த வாடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாடையே அல்ல. காற்று என்றால் அப்படித்தான் இருக்கும். இந்த இருவகை மூக்குகளில் எது இயல்பான மூக்கு? தலையை எண்ணிப் பார்த்துச் சொல்வதானால், ஆம்பூருக்குள் மூக்கைப் பொத்துபவரே பிறழ்ந்தவர். காட்பாடியைத் தாண்டிவிட்டால் பொத்தாதவர்.

பிறழ்நடத்தை என்பதை உளவியலாளர்கள் எப்படி வரையறுக்கிறார்கள் என்று சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். தமிழ் இலக்கியம் படித்து, அதையே கல்லூரியில் நடத்திப் பிழைக்கும் உனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. காரணம், ஒரு மாணவி.

முதுகலை வகுப்பில் குறிஞ்சித் திணைப் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தேன். களவு ஒழுக்கத்தில் இருக்கும் தலைவியின் உடல் மெலிகிறது, நிறம் மாறுகிறது, உணவு செல்லவில்லை, உறக்கம் இல்லை. மகளின் மாற்றத்தைக் கண்ட தாய் கலங்குகிறாள். கட்டுவிச்சியையும் வேலனையும் அழைக்கிறாள். கழங்கு உருட்டிப் பார்க்கிற வேலன், இது முருகன் தீண்டியதால் வந்தது என்கிறான். ஆட்டுக்குட்டி பலியாகிறது, வெறியாட்டு நடக்கிறது. தோழி மட்டும் உண்மை அறிந்தவளாக நிற்கிறாள். சங்கப் பாடல்களில் இத்துறையில் உள்ளவற்றை எல்லாம் சேர்த்து வாசித்தால், தவறாக நோய் கணித்தலைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய ஆவணங்கள் இவைதாம் என்று சொன்னேன். வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி என் அறைக்கு வந்தாள். 'மேடம், எங்க அக்காவுக்கும் வெறியாட்டுதான் நடந்துக்கினு இருக்குது' என்றாள்.

அக்காவுக்கு இருபத்தேழு வயது. ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் ஒன்பது வருடங்களாக வேலை. விடியற்காலையில் கிராமத்துக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற வாழ்க்கை. நான்கைந்து மாதங்களாக இரவில் எழுந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். தலை வாருவதில்லை. பெற்ற குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று வாரமாக வேலைக்கும் போகவில்லை. மாமியார் வீட்டார் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். கணவர் அவள் நடிக்கிறாள் என்றார். தெருவில் 'மெண்டல்' என்றார்கள். அம்மன் கோயிலில் மந்திரித்தாயிற்று, தர்காவில் ஓதித் தாயத்தும் கட்டியாயிற்று. 'எது மேடம் நெஜம்?' என்று கேட்டாள் தங்கை.

அந்தக் கேள்விக்குத்தான் நான் நூல்களைத் தேடிப் போனேன். போன இடத்தில் நான் எதிர்பார்த்தது தெளிவான ஒரு கோடு. இந்தப் பக்கம் இயல்பு, அந்தப் பக்கம் பிறழ்வு என்று. அப்படி ஒரு கோடு உளவியலில் இல்லை. இருப்பவை சில அளவுகோல்கள். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் பயன்பட்டு இன்னோரிடத்தில் முறிந்துபோகிறது.

முதல் அளவுகோல் அரிதாக இருத்தல். பெரும்பாலோர் செய்வது இயல்பு, அபூர்வமாகச் சிலர் செய்வது பிறழ்வு. உயரம், எடை, ரத்த அழுத்தம் போன்றவற்றைச் சராசரியைக் கொண்டு அளப்பதுபோல மனத்தையும் அளக்கப் பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மேதைமையும் அரிதுதான். அதை யாரும் நோய் என்பதில்லை. மறுபக்கம், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. பத்தில் ஒருவருக்கு இருப்பதை அரிது என்று எப்படிச் சொல்வது?

இந்த அளவுகோல் முறிவதைப் புரிந்துகொள்ளத் தோல் மண்டலத்துக்காரர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு முடிவு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பது ஒரு தலைமுறைக்கு இங்கே இயல்பாகிவிட்டது. எல்லாக் கிணறும் கரிப்பதால் கரிப்பு நல்ல தண்ணீரின் குணம் ஆகிவிடாது. உடம்புக்கும் நிலத்துக்கும் பொருந்துவது மனத்துக்கும் பொருந்தும். ஓர் ஊரில் பாதிப் பெண்கள் உறக்கமில்லாமல் இருந்தால், உறக்கமின்மை அந்த ஊரின் வழக்கம் ஆகிவிடும், நலம் ஆகிவிடாது.

இரண்டாவது அளவுகோல் சமூக நெறியிலிருந்து விலகுதல். இது இன்னும் வழுக்கலான இடம். நான் குடியிருக்கும் பகுதியில் டேனரியில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். தினமும் காலையில் பாலாற்றங்கரைக்குப் போய்விட்டு வந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார். பெரும்பாலான நாட்களில் அவர் எழுதுவது 'நீர் இல்லை' என்ற இரண்டு சொற்கள்தாம். இப்படிப் பல ஆண்டுகள். 'பாலாற்றுப் பைத்தியம்' என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்தபடி கையை ஆட்டுவார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியபோது, அன்றைய தேதிக்கு ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்ததைக் காட்டினார். ஊர் வழக்கத்திலிருந்து விலகியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குத் துன்பம் இல்லை, அவரால் பிறருக்கும் துன்பம் இல்லை. பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தவறாமல் கட்டினார். நன்றாக உண்டார், உறங்கினார். அவரை நோயாளி என்று சொல்ல எந்தக் கையேட்டிலும் இடமில்லை.

நம் இலக்கியத்தில் இத்தகையோருக்குக் குறைவேயில்லை. பனை மடல் குதிரையின்மீது ஏறி, எருக்கம்பூ மாலை சூடித் தெருவில் வரும் தலைவனை இன்றைய தெரு என்ன சொல்லும்? பேய் வடிவம் வேண்டிப் பெற்று, தலையால் நடந்து கயிலை சென்றதாகச் சொல்லப்படும் காரைக்கால் அம்மையாரை? பித்தன் என்ற வசைச்சொல்லையே இறைவனின் பெயராக்கிக்கொண்ட மொழி இது. விலகலில் ஒரு பகுதியைக் காதலுக்கும், ஒரு பகுதியைப் பக்திக்கும், ஒரு பகுதியைச் சித்தர்களுக்கும் ஒதுக்கிவைத்திருந்த சமூகம், மீதியைத்தான் நோய் என்றோ பேய் என்றோ கருதியது.

நெறியை அளவுகோலாகக் கொண்டால், நெறியை வகுத்தவர் கையில் மருத்துவம் போய்விடும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1851இல் அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று சொல்லி அதற்கு 'டிரேப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். தப்பி ஓட நினைப்பவனுக்கு நோய். சங்கிலி போட்டவனுக்கு ஒன்றுமில்லை. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து 1973இல்தான் நீக்கியது. ஒரு நாள் வரை நோயாளிகளாக இருந்தவர்கள் மறுநாள் நோயற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் மாறவில்லை, பட்டியல் மாறியது. அந்த மாற்றம் எங்கள் ஊர் வீடுகளுக்கு வந்துசேர இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2021 ஜூன் மாதத்தில்.

மூன்றாவது அளவுகோல் துயர். ஒருவரின் நிலை அவருக்கே தாங்க முடியாத வேதனையாக இருக்கிறதா என்று பார்ப்பது. முந்தைய இரண்டைவிட இது மனிதத்தன்மை உள்ளதாகத் தோன்றுகிறது. தெருவைக் கேட்காமல் அந்த மனிதரையே கேட்கிறது அல்லவா? ஆனால் இதுவும் போதவில்லை. மனவெழுச்சி நோயின் உச்சத்தில் இருப்பவர் தாம் இதுவரை இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததே இல்லை என்பார். அதே வாரத்தில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்திருப்பார். மறுபுறம், துயரமெல்லாம் நோயும் அல்ல. கணவனை இழந்தவள் அழாமல் இருந்தால்தான் நாம் அஞ்ச வேண்டும்.

துக்கம் எந்த இடத்தில் நோயாகிறது என்பதில் மருத்துவ உலகமே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கையேட்டின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் 'நீடித்த துக்கக் கோளாறு' புதிதாகச் சேர்க்கப்பட்டது. பெரியவர்களுக்கு இழப்பு நேர்ந்து பன்னிரண்டு மாதங்களாவது கழிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் பட்டியலோ ஆறு மாதம் என்கிறது. இதை வாசித்தபோது எனக்குத் தலைத்திவசம் நினைவுக்கு வந்தது. ஓராண்டு வரை அந்த வீட்டுக்குப் பண்டிகை இல்லை, யாரும் வற்புறுத்துவதும் இல்லை. ஆண்டு முடிந்தபின் துக்கம் கழித்து மீண்டும் ஊருக்குள் சேர்த்துக்கொள்கிறோம். அழுவதற்கும் ஒரு கால அளவு வேண்டும் என்று நம் பாட்டிகளும் நினைத்திருக்கிறார்கள், அமெரிக்கக் குழுவினரும் நினைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஓர் ஆண்டையே தேர்ந்தது வியப்புத்தான்.

நான்காவது, செயல்பட முடியாமை. உண்ணுதல், உறங்குதல், குளித்தல், வேலை, உறவு ஆகிய அன்றாடக் காரியங்கள் தடைபடுகின்றனவா? மருத்துவர்கள் நடைமுறையில் மிகுதியும் நம்புவது இதையும் துயரையும்தான். இதிலும் ஒரு முள் இருக்கிறது. எந்தக் காரியங்கள், யார் வகுத்த அளவு? ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று இலக்கு வைத்திருக்கும் தையல் வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் அது அவளது மனத்தின் கோளாறா, இலக்கின் கோளாறா? அதே பெண் மூன்று வாரமாகத் தன் குழந்தைக்கே சோறு ஊட்டவில்லை என்றால், அப்போது கேள்வி வேறு. அளவுகோலை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

ஐந்தாவது, ஆபத்து. மனநோயாளி என்றவுடன் மக்கள் முதலில் நினைப்பது இதைத்தான்; நடைமுறையில் மிகக் குறைவாகப் பொருந்துவதும் இதுதான். மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் ஓட முடியவில்லை; சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஆபத்தானவர்கள் என்று அஞ்சிச் சங்கிலி போட்டோம். ஆபத்து சங்கிலியில் இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்பது இப்போது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது.

விலகல், துயர், செயலிழப்பு, ஆபத்து என்ற நான்கையும் ஆங்கிலப் பாடநூல்கள் 'டி' எழுத்தில் தொடங்கும் நான்கு சொற்களாக மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கின்றன. எந்த ஒன்றும் தனியே நின்று தீர்ப்புச் சொல்லாது. பலவற்றைச் சேர்த்து, எவ்வளவு நாளாக, எவ்வளவு கடுமையாக என்று பார்த்து, உடல் நோய் காரணமா என்று விலக்கி, அதன் பிறகே ஒரு பெயர் வைக்கிறார்கள். 1992இல் ஜெரோம் வேக்ஃபீல்டு என்ற அறிஞர் இதையெல்லாம் இரண்டு நிபந்தனைகளாகச் சுருக்கினார். உள்ளே ஏதோ ஒன்று தன் இயற்கையான வேலையைச் செய்யத் தவறியிருக்க வேண்டும். அந்தத் தவறுதல் அந்த மனிதருக்குத் தீங்காகவும் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது வெறும் வேறுபாடு. இரண்டாவது மட்டும் இருந்தால் அது வாழ்க்கைத் துன்பம். இரண்டும் கூடினால் நோய். உள்ளே எது தவறியது என்பதை எப்படி அறிவது என்று கேட்பவர்கள் அவருக்கும் இருக்கிறார்கள். ஆயினும் எனக்குப் பயன்பட்ட வரையறை இதுவே.

நம் சட்டமும் இந்த இடத்தில் வியப்பூட்டும் தெளிவோடு பேசுகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ மதத்தையோ இனத்தையோ வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, தொழில், அரசியல் மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைகளுக்கோ ஒருவர் இணங்காமல் நடப்பதையும் காரணமாகக் காட்டக் கூடாது என்கிறது. முன்பொருமுறை சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றும் நோய் உண்டு என்பதற்குச் சான்றாகாது என்றும் சொல்கிறது. திருமணம் வேண்டாம் என்ற மகளையும், சாதி மாறிக் காதலித்த மகனையும் 'டாக்டரிடம் காட்டி'ச் சரிசெய்ய நினைக்கும் வீடுகளில் இந்தப் பிரிவைப் பெரிதாக எழுதி மாட்டவேண்டும்.

மாணவியின் அக்காவை அவர்கள் கடைசியில் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். உடன் போன தங்கை, அந்த மருத்துவர் கேட்டவற்றை எனக்கு ஒப்பித்தாள். பேய் உண்டா இல்லையா என்று அவர் வாதிடவில்லை. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பசிக்கிறதா, முன்பு எதில் மகிழ்ச்சி இருந்தது, அது எப்போது நின்றது, குழந்தை பிறந்து எத்தனை மாதம், தைராய்டு பார்த்தீர்களா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். பிறகு வீட்டில் யார் குடிக்கிறார்கள், கடன் எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறார். மனச்சோர்வு நோய் என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதினார். குழுக் கடனுக்கும் கணவரின் குடிக்கும் தம்மிடம் மாத்திரை இல்லை என்றும், அவரையும் ஒரு நாள் கூட்டிவாருங்கள் என்றும் சொன்னாராம். சில மாதங்களில் அக்கா தேறி வந்தாள். குழந்தையைத் தூக்கினாள். தாயத்தை அவிழ்க்கவில்லை, மருத்துவரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

குடும்பத்தையும் உள்ளே அழைப்பது எங்கள் மாவட்டத்துக்குப் பழைய வழக்கம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டபோதே, நோயாளியோடு உறவினர் ஒருவர் உடன் தங்கவேண்டும் என்ற முறை அங்கே வந்துவிட்டது. அதே பத்தாண்டுகளில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். மேலைநாடுகளில் மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதிலுக்குப் பின்னால் வைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. உடன் தங்கும் அம்மாவுக்கோ கணவனுக்கோ ஒன்று புரிந்துவிடுகிறது: இது நடிப்பல்ல. அந்தப் புரிதலே பாதி மருந்து.

ஆனால் இத்தோடு கதை முடிந்துவிடவில்லை. எங்கள் பகுதியிலிருந்தே வந்த வேறு சில ஆய்வுகள், பிறழ்நடத்தை பற்றிய கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிவைத்திருக்கின்றன. வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் அதே மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறையினர், ஊரில் நேரும் ஒவ்வொரு மரணத்தின் காரணத்தையும் வீட்டாரைக் கேட்டுப் பதிவுசெய்துவந்தார்கள். 1994 முதல் 1999 வரையிலான பதிவுகளின்படி அங்கே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 95. அப்போதைய காவல்துறைக் கணக்குப்படி தேசிய விகிதம் சுமார் 11. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான கட்டுரை இன்னும் கொடியது. 1992க்கும் 2001க்கும் இடையில், பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களில் பெண்களின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 148, ஆண்களின் விகிதம் 58. நான் வகுப்பில் முதன்முதலாகக் காணும் முகங்கள் அந்த வயதினுடையவை.

அதன்பின் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஒன்றியத்தில் தற்கொலை செய்துகொண்ட நூறு பேரின் வாழ்க்கையை உற்றாரிடம் விரிவாகக் கேட்டறிந்தது. தற்கொலை செய்துகொள்பவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினருக்கு மனநோய் இருக்கும் என்பது மேலைநாட்டு ஆய்வுகள் பலவற்றின் முடிவு. கணியம்பாடியில் மனநோய் என்று பெயரிடத்தக்க நிலை இருந்தது முப்பத்தேழு பேருக்குத்தான். அவர்களிலும் மிகுதியானவை குடி அடிமைத்தனமும், நெருக்கடிக்கு ஈடுகொடுக்க முடியாத நிலையும். கடும் மனச்சோர்வு நோய் இருந்தது இரண்டே பேருக்கு. ஆபத்தைக் கூட்டியவை எவை என்று பார்த்தால், ஓயாத வாழ்க்கை நெருக்கடி, நாட்பட்ட உடல்வலி, தனித்து வாழ்தல், உறவு முறிவு.

அறுபத்து மூன்று பேர் எந்தக் கையேட்டின்படியும் பிறழ்ந்தவர்கள் அல்லர். இந்த எண்ணை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இயல்பான மனிதர்கள், இயல்பானதென்று ஊர் ஏற்றுக்கொண்ட சூழலில், வாழ முடியாமல் போயிருக்கிறார்கள். இங்கே பிறழ்ந்தது எது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நிலைக்களன்களை நந்நான்காக வகுத்திருக்கிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு: பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தளர்தல், வறுமை. இருபது ஆண்டுகளாக நடத்திவரும் பாடம்தான். கணியம்பாடி ஆய்வை வாசித்த பிறகு ஒன்று கண்ணில் பட்டது. நான்கில் ஒன்றுகூட அழுகிறவரின் உள்ளத்துக்குள் இல்லை. நான்குமே அவருக்கும் உலகத்துக்கும் இடையில் நடப்பவை. கண்ணீருக்குக் காரணம் தேடுகிறவன் அழுபவரை மட்டும் பார்க்கக் கூடாது என்பது அந்த வகைமையிலேயே அடங்கியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், அவர் கடும் நெருக்கடியில் இருந்தார் என்றே கருதவேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுவதும் ஏறக்குறைய இந்தப் பார்வைதான். அவரை நோயாளி என்றும் அது சொல்லவில்லை, குற்றவாளி என்றும் சொல்லவில்லை.

ஆகவே இரண்டு பிழைகள் நம்மிடம் உண்டு. பாலாற்றுப் பெரியவரைப்போல் வேறுபட்டு இருப்பவரை நோயாளி என்கிறோம். எல்லோரும் படுகிற பாடுதானே என்று, உறங்காத பெண்ணை இயல்பானவள் என்கிறோம். தனியாக இருப்பதால் ஒன்று நோயாகிவிடாது. பொதுவாக இருப்பதால் ஒன்று நலமாகிவிடாது. உளவியலாளர்களின் வரையறைகள் எத்தனை முறை திருத்தப்பட்டாலும், திருத்தப்படுகின்றன என்பதே அவற்றின் சிறப்பு. 'மெண்டல்' என்ற தெருச் சொல்லுக்கு இதுவரை திருத்தப் பதிப்பு வந்ததில்லை.

இப்போது வெறியாட்டுப் பாடல்களை நடத்தும்போது, வேலனை நான் அதிகம் கேலி செய்வதில்லை. அவன் கையில் இருந்த கையேடு கழங்கு. அதைக் கொண்டு அவனால் இயன்றதைச் சொன்னான். தாயும் மகளைக் காப்பாற்றத்தான் அவனை அழைத்தாள். நான் இப்போது அதிக நேரம் நிற்பது தோழியிடம். உண்மையை உரிய நேரத்தில் உரியவரிடம் எடுத்துச் சொல்வதற்கு அகப்பொருள் மரபு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர் வைத்திருக்கிறது. வெறும் தகவல் சொல்வதை அறம் என்று அழைத்த மரபு அது. அக்கா நடிக்கவில்லை என்று மாமியார் வீட்டில் எழுந்து நின்று சொன்ன அந்த மாணவி செய்ததும் அதுதான். நெருக்கடியில் இருப்பவர்கள் எந்த நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய டெலிமானஸ் எண் 14416. துறைக்கு வெளியே சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம். ஆனால் அந்த எண்ணை அழுத்தும் நிலையில்கூட இல்லாத ஒருத்திக்கு, அழைத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு தோழி வேண்டும்.